சத்தம் போடாத கரண்டி

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வந்தவுடனே சொல்லிவிட்டார்கள். உப்புமா கிண்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அம்மா கொடுத்துவிட்ட கல்வராயன் மலைச் சாமையில் ஒரு ஞாயிறு காலை உப்புமா கிண்டி, கரண்டியில் ஒட்டியதைச் சட்டி விளிம்பில் டங், டங் என்று தட்டிவிட்டுத் திரும்பினால் அழைப்பு மணி. கீழ்வீட்டுப் பெரியவர் நின்றார். "ஹாமர்?" என்று கேட்டுக் கையால் அடித்துக் காட்டினார். சுத்தியல் இல்லை ஐயா என்று காட்ட, எவர்சில்வர் கரண்டியைக் கொண்டுவந்து நீட்டினேன். மனிதர் பின்னால் நகர்ந்தார். அடிக்கத்தான் வருகிறேன் என்று நினைத்திருப்பார். "ஸோன்டாக், ரூஹே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஞாயிறு, அமைதி என்று அர்த்தமாம். வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவாரோ, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று அன்றெல்லாம் வீட்டுக்குள் பூனை நடைதான்.

மறுநாளே கடைக்குப் போய் ஒரு சிலிகான் கரண்டி வாங்கினேன். செங்கல் நிறம், நாக்கு மாதிரி வளையும். சட்டியின் மூலை முடுக்கெல்லாம் புகுந்து ஒரு பருக்கை விடாமல் வழித்துவிடும். தட்டவே வேண்டாம், தட்டினாலும் சத்தம் வராது. இந்த ஊரில் எனக்கென்று வாங்கியவற்றில் இதன் மேல்தான் உயிர். இதே மாதிரி ஒன்றைக் கள்ளக்குறிச்சிக்குப் போன நண்பரிடம் அம்மாவுக்கும் கொடுத்துவிட்டேன். தோள்பட்டை வலியோடு அவள் சட்டி சுரண்டுவதை நினைத்தால் பாவமாக இருந்தது. அவளோ புதுப் பொருள் எதையும் உடனே எடுக்கிறவள் இல்லை. கவரோடு அலமாரியில் வைத்துவிட்டாள்.

அம்மா கள்ளக்குறிச்சி பக்கம் தியாகதுருகத்தில் தனியாக இருக்கிறாள். போன ஆடியில் சர்க்கரை இறங்கி, அடுப்படியிலேயே விழுந்துவிட்டாள். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மல்லிகா அக்காதான் ஓடிப்போய்த் தூக்கியது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "தாளிச்சா ரெண்டு தட்டு தட்டிட்டுதாம்மா கரண்டிய வெப்பாங்க. அன்னிக்குத் தட்டல. இன்னாடா இதுன்னு வந்து பாத்தேன்" என்றார். அதிலிருந்து எனக்கும் அந்தச் சத்தம் வேண்டும். எனக்குக் காலை, அவளுக்கு மத்தியானச் சமையல். இரண்டு அடுப்படியிலும் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிடுவோம். பேச்சு அதிகம் இருக்காது. அந்த டங், டங் கேட்டபிறகுதான் எனக்குக் காபி இறங்கும்.

போன வாரம் ஒருநாள் "இரு, தாளிச்சிட்டு வரேன்" என்றாள். கடுகு பொரிந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. அம்மா என்றேன். கத்தினேன். பதில் இல்லை. லைனை வைக்கவும் பயம். தூங்கிக்கொண்டிருந்த கணவரின் போனை எடுத்து மல்லிகா அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடல் தாண்டி வந்தது எதற்கு, இந்தப் பாழாய்ப்போன சமையலறையில் நின்று அம்மா செத்ததைப் போனில் கேட்கவா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மல்லிகா அக்கா சிரித்துக்கொண்டே எடுத்தார். "உங்கம்மாவா? இங்கதான் நின்னுக்கினு கீறாங்க. நீ அனுப்ச்ச ரப்பர் கரண்டிய காட்டிக்கினு."

அம்மா போனை வாங்கினாள். "அடுப்ப நிறுத்திட்டுதான்டி வந்தேன். இன்னிக்குதான் பிரிச்சேன். கை நோவவே இல்ல, சட்டிய கழுவவே வாணாம்போல."

"அத எடுக்காதம்மா. பழைய கரண்டியே எடு. நீ தட்டற சத்தம் எனக்குக் கேக்கணும்."

"உன்னுது மட்டும் எனக்கு கேக்குதா?" என்றாள். "எம்மாம் நாளா கேக்கல. புள்ள ஆக்குதா, துன்னுதா, இன்னா ஆச்சோன்னு பயந்துக்கினுதான் கெடக்கேன். கேட்டா நீ பயப்புடுவன்னுதான் வாயத் தொறக்கல."

என் பயம் மட்டும்தான் பயம் என்று இருந்திருக்கிறேன். அவளும் அந்தப் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு, என் கரண்டி தட்டாததைத் தினமும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

கடைசியில் அவளேதான் வழி சொன்னாள். "வழிக்கறதுக்கு இது, தட்டறதுக்கு அது. ரெண்டும் இருக்கட்டும்."

இன்று ஞாயிறு. சிலிகான் கரண்டியால் உப்புமாவை வழித்து இறக்கினேன். பரணில் போட்டிருந்த எவர்சில்வர் கரண்டியைத் தேடி எடுத்து, காலிச் சட்டியின் விளிம்பில் டங், டங் என்று தட்டினேன். போனில் அம்மா மூச்சு விடுவது கேட்டது. கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். ஒரு காது தியாகதுருகத்திலிருந்து திருப்பித் தட்டும் சத்தத்துக்கு, இன்னொரு காது கீழ்வீட்டிலிருந்து படியேறி வரும் செருப்புச் சத்தத்துக்கு.