சாந்தியக்காவுக்குப் பதினொரு வசனம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சாஃப்ட்வேர் என் மானத்தை வாங்கிவிட்டது. அதுவும் காசில்லாமல் வந்த சாஃப்ட்வேர்.

நடவுப் பெண்களைப் பற்றி ஒரு குறும்படம். திரைக்கதை நான். இயக்கம், பக்கத்துத் தெரு ரோஸ்லின் டீச்சர். கதாநாயகி சாந்தியக்கா — மயிலாடுதுறைப் பக்கம் இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு வயல் வயலாக நடவுக்குப் போகிறவர். அவர் பேச ஆரம்பித்தால் வயலில் ரேடியோ வேண்டாம். சம்பா நடவு நேரத்திலும் எங்களுக்காக நாலு நாள் ஒதுக்கியிருந்தார்.

வரப்பில் குடை பிடித்து நிற்கும் மிராசுதார்? வேறு யார்... நான்தான்.

எழுத எந்த சாஃப்ட்வேர்? முதலில் இறக்கியது பதினைந்தாம் நாள் கார்டு நம்பர் கேட்டது. அடுத்தது தமிழைக் கண்டதும் கட்டம் கட்டமாகக் காட்டியது.

"ஓப்பன் சோர்ஸ்ல ஒண்ணு இருக்குண்ணே. உள்ள எப்படி எழுதியிருக்குன்னு யார் வேணா பாக்கலாம், மாத்தலாம். காசும் கிடையாது" என்றார் டீச்சர்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன்? ஓட்டி வந்துவிட்டேன். நல்ல மாடுதான். தமிழ் அழகாக வந்தது. ஒவ்வொருவர் வசனத்தையும் தனியாகப் பிரித்து, எண்ணியும் கொடுத்தது. வினையே அங்கேதான்.

"என் வசனத்த மட்டும் குடுங்க சார், மனப்பாடம் பண்ணிக்கிறேன்" என்று வந்து நின்றார் சாந்தியக்கா.

பிரிண்டரிலிருந்து அரைப் பக்கம் வந்தது. டீச்சர் கணக்கைப் படித்தார்: "சாந்தி பதினொண்ணு. மிராசுதார் நூத்திப்பத்து."

சாந்தியக்கா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி.

"இதுல ஏழு 'சரிங்க' இருக்கு சார். இதுக்கா நாலு நாள் நடவ விட்டுட்டு வரச் சொன்னீங்க? வேற ஆளப் பாருங்க." செருப்பை மாட்டத் தொடங்கினார்.

"கதையே உங்களச் சுத்திதாங்க்கா..."

"சுத்திச் சுத்தி நீங்கதான சார் பேசுறீங்க?"

டீச்சருக்குத் திடீரென்று இருமல்.

எத்தனை நண்பர்களுக்கு இந்தக் கதையைப் படித்துக் காட்டியிருப்பேன். எல்லோரும் 'பிரமாதம்' என்றார்கள். ஒருவராவது எண்ணிச் சொன்னாரா? மாட்டின் பல்லை நான் பார்க்கவில்லை. மாடு என் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டது.

"இருங்கக்கா. நடவு கோணல்னு மிராசுதார் கத்துறான். நெசமா நீங்க என்ன சொல்வீங்க?"

ஒற்றைச் செருப்போடு திரும்பினார். "குடைய மடக்கிட்டு எறங்கி ஒரு வரிசை நட்டுக் காட்டுங்க. அப்பறம் கோணல்னு சொல்லுங்க."

சாந்தியக்கா சொல்லச் சொல்ல டீச்சர் கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தார். சாயங்காலம் வரை நிறுத்தவில்லை. இருவருமே.

நாளைக்குப் படப்பிடிப்பு. சாந்தியக்கா வருகிறார். எனக்கு இப்போது ஆறு வசனம்.

அதில் நாலு, 'சரிங்க'.