ஜெமீலா தெரிந்தெடுத்த சில்லுகள்

சாய்ந்தமருதில் இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய கார் ஒன்று நின்றது மீராசாஹிபுவின் வீட்டு வளவில்தான். அவன் நெல் ஆலை ஒன்றில் லொறி சாரதி. அதற்கு முன்பு அம்பாறைப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியருக்கு ஜீப் ஓட்டினான். அந்த மனிதர் கப்பலில் கொண்டுவந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பெரும்பாலும் பூட்டியே வைத்திருந்தார். வாய்க்கால் கட்டுகளில் அதை ஓட்ட அவருக்கு மனம் வரவில்லை. நாட்டை விட்டுப் போகிற அன்று சாவியை மீராசாஹிபுவின் கையில் வைத்து, இவ்வளவு நாளும் துடைத்துப் பாதுகாத்தவன் நீதானே, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மீராசாஹிபு பொத்துவிலில் பிறந்தவன். ஜெமீலாவைக் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டோடு வந்து குடியிருந்தான். காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது ஜெமீலாவின் சாச்சிமார் வேலியடியில் நின்று சிரித்தார்கள்.

"புள்ள பொறந்தா எங்ககா வெக்கிற? மடியிலயா?"

பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒருவரிடமும் கதைப்பதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பின் மீராசாஹிபு காரின் துணிக்கூரையை இழுத்துப் பூட்டுவான். ஜெமீலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஏறுவாள். நிந்தவூர் வரை போய்த் திரும்புவார்கள். வழியில் ஒரு பொட்டலம் கச்சான் கடலை, அவ்வளவுதான்.

எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பரில் சூறாவளி அடித்தது. குசினிச் சுவர் சரிந்து ஜெமீலாவின் முதுகில் விழுந்தது. மீராசாஹிபு வெறுங்கையால் கல்லைப் புரட்டி அவளை வெளியே எடுத்தான். கதவுப் பலகை ஒன்றில் கிடத்தி, விழுந்து கிடந்த தென்னைகளைத் தாண்டி, உறவுக்காரர் நாலுபேராகப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்; அங்கிருந்து மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். வளவில் நின்ற காரின் மேலும் ஒரு தென்னை விழுந்து கிடந்தது. அதை அவன் கண்டது பல நாள் கழித்துத்தான். கண்டபோதும், நின்று பார்க்காமல் உள்ளே போய் அவளுடைய உடுப்புகளை எடுத்துக்கொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிட்டான்.

ஜெமீலா எழுந்து நடந்தாள். ஆனால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. மாதம் ஒருமுறை வந்து பயிற்சி செய்ய வேண்டும், உடம்பு குலுங்கக் கூடாது என்றார் டொக்டர். பஸ்ஸில் குலுங்காமல் எப்படிப் போவது? இரண்டாம் முறை போனபோது களுவாஞ்சிகுடி தாண்டுமுன் அவள் மயங்கி, பக்கத்திலிருந்த பெண்ணின் தோளில் சாய்ந்துவிட்டாள். லொறியோ அதைவிட மோசம். அன்று வீடு திரும்பிய பிறகுதான் மீராசாஹிபு காரின் மேல் கிடந்த காய்ந்த ஓலைகளை இழுத்து எறிந்தான்.

காரைதீவில் கராஜ் வைத்திருந்த குணம் அவனுடைய பழைய கூட்டாளி. அம்பாறையில் இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்தவர்கள்; அப்போதிருந்தே குணம் அவனை அண்ணனாக நினைத்துக் காக்கா என்பான். குணம் காரைச் சுற்றி வந்தான். தகரத்தைத் தட்டி எடுக்கலாம், எஞ்சினுக்கு ஒன்றுமில்லை என்றான். சில்லுகள்தான் பழுதாகிப் போயிருந்தன. சைக்கிள் சில்லு போல மெல்லிய கம்பிகள் கோத்த சில்லுகள் அவை. மரம் விழுந்த பக்கத்தில் இரண்டும் அப்பளமாகக் கிடந்தன.

"இந்தக் கம்பிச் சில்ல இனித் தேட ஏலா காக்கா. நாலு நட்டுப் பூட்டுற மாதிரி மாத்துவம். றிம்மும் டயரும் என்ன அளவு எண்டதுதான் கேள்வி."

"என்ன அளவு போடலாம்?"

"பதிமூண்டு இஞ்சிதான் முதல்ல இருந்தது. பதினாலும் போடலாம். ஆனா மட்காட்டுக்குள்ள இடம் அவ்வளவுதான். றிம் பெருத்தா ரப்பர் மெலியும்."

கொழும்புக்கு லொறியில் ஏற்றிப்போன அரிசியை இறக்கிவிட்டு, மீராசாஹிபு பழைய கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனான். கடை வாசலில் தொங்கிய அலுமினிய றிம்களைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. பதினாலு அங்குலம், நல்ல அகலம், ஐந்து இதழ் விரித்த பூப்போல நடுப்பகுதி. அதற்கேற்ற டயர் அகலமாய், உயரம் குறைந்து, றிம்மைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டி கட்டியது போல இருந்தது. சூறாவளிக்குப் பிறகு அவன் எதன்மேலும் ஆசைப்படவில்லை. அன்று ஆசைப்பட்டான். சாக்கில் சுற்றி, லொறியின் முன்பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவந்தான்.

சாக்கை அவிழ்த்தபோது குணத்தின் முகமும் மலர்ந்துவிட்டது. ரப்பர் மெலியும் என்று சொன்னவனே அதை மறந்துபோனான். சில்லைப் பூட்டி ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் மட்காட்டில் உரசியது. குணம் உள்விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடித்தான். சிவப்புக் கார் நிலத்தோடு பதுங்கி நின்றது. கல்முனை பஜார் வழியாக அது போனபோது கடைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

மட்டக்களப்புக்குப் போகும் வழியில் மீராசாஹிபு அடிக்கடி கேட்டான்.

"சொகமா இரிக்கா?"

"ஓம், நல்ல சொகம்."

"இந்தச் சில்லு வடிவுதானே?"

"வடிவுதான். மாப்பிள்ள மாதிரி இரிக்கி."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் ஒரு வருடமாகக் கண்டிருக்கவில்லை. அப்படியே சில மாதங்கள் போய் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் ஜெமீலா பாயில் படுத்துவிடுவாள். பயிற்சி செய்த களைப்பு என்பாள். அவனும் நம்பினான்.

ஒருநாள் முன் சில்லுப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. "நான் ஓட்டுறன், நீ மற்றப் பக்கம் இருந்து காதைக் குடு" என்றான் குணம். மீராசாஹிபு ஜெமீலாவின் ஆசனத்தில் ஏறி அமர்ந்தான். சொந்தக் காரில் அந்தப் பக்கம் அவன் இருந்ததே இல்லை.

கராஜிலிருந்து புறப்பட்டு முதல் மதகு ஏறி இறங்கியபோது அவனுடைய முதுகுத் தண்டில் யாரோ மண்வெட்டிப் பிடியால் குத்தியது போல இருந்தது. அடுத்த குழியில் பல் கடிபட்டது. மெலிந்த ரப்பர் அடியைத் தாங்கவில்லை; மரம் விழுந்ததில் அந்த ஆசனத்தின் ஸ்பிரிங்குகளும் செத்துப் போயிருந்தன. ஸ்டியரிங் பிடிப்பவனுக்குக் குழி முன்கூட்டியே தெரிந்துவிடும், உடம்பு தானாகத் தயாராகிவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. பிடிமானத்துக்காக அவன் கதவின் உட்புறத்தைப் பற்றினான். விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. தோலுறையில் நாலு நகங்கள் அழுந்திய பள்ளங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக.

"நிப்பாட்டு" என்றான்.

"சத்தம் கேட்டிச்சா காக்கா?"

"சத்தம் கிடக்கட்டும்டா. நிப்பாட்டு."

காரைக் குணத்திடமே விட்டுவிட்டு அவன் வீட்டுக்கு நடந்தே வந்தான். ஜெமீலா சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் நிலத்தில் அமர்ந்தான்.

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

அவள் சுளகைக் கீழே வைத்தாள். எதைக் கேட்கிறான் என்று உடனே விளங்கிவிட்டது.

"எப்புடிச் சொல்ற? உங்கட மொகம் அப்புடி இருந்திச்சு."

"என்ட மொகத்துக்காக முதுக ஒடிக்கிறதா புள்ள?"

"ஒடியல்லயே. இரிக்கன்தானே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெமீலா எட்டி அவன் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். "அழுறீங்களா? எழும்புங்க, ஆராவது கண்டாச் சிரிப்பாங்க" என்றாள்.

இனி அவளே தெரிந்தெடுக்கட்டும் என்று மீராசாஹிபு முடிவு செய்தான். ஆசனத்தின் ஸ்பிரிங்குகளை மாற்றுவது முதல் வேலையானது. பிறகு குணம் அங்கே இங்கே இரவல் கேட்டு நாலு நாலாக இரண்டு செட் சில்லுகள் கொண்டுவந்தான். ஒன்று பதிமூன்று அங்குல றிம்மில் அகல டயர். மற்றது அதே பதிமூன்றில் ஒடுக்கமான இரும்பு றிம். டயர் ஒல்லி, ஆனால் உயரமாக, ரப்பர் தாராளமாக இருந்தது. சுபஹுத் தொழுகைக்குப் பின், வெயில் ஏறுமுன், ஜெமீலாவைக் கராஜுக்கு அழைத்துப் போனான். குணத்தின் மனைவி அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து, கதிரையில் ஒரு தலையணையும் வைத்தாள்.

"நான் கண்ணை மூடிட்டு இரிக்கன்" என்றாள் ஜெமீலா. "எந்தச் சில்லு எண்டு சொல்லிராதீங்க. கண்டா எனக்கு வடிவானதுலதான் மனம் போகும்."

முதல் செட்டைப் பூட்டி அதே மதகில் ஏறி இறங்கினார்கள். அவளுடைய விரல்கள் கதவைப் பற்றிக்கொண்டன. திரும்பி வந்து மற்றதைப் பூட்டினார்கள். மீராசாஹிபு மெதுவாகத்தான் போனான். மதகில் கார் ஒருமுறை மேலெழுந்து, தோணி அலையில் இறங்குவது போல அமர்ந்தது. ஜெமீலாவின் கை மடியிலேயே கிடந்தது.

"இதுதான்" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "இன்னொருக்காப் போங்க."

இன்னொரு தடவை போனார்கள். கராஜுக்கு வந்து, இறங்கி, கண்ணைத் திறந்து காரைப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். பதுங்கி நின்ற கார் இப்போது ஒல்லிக் கால்களில் எட்டிப் பார்ப்பது போல நின்றது. அகன்ற மட்காட்டுக்குள் ஒடுங்கிய சில்லு தொலைந்து கிடந்தது.

"றப்பே! இதத்தானா தெரிஞ்சன்?"

"வேணாமெண்டாச் சொல்லு, மாத்துவம்" என்றான் மீராசாஹிபு.

"சும்மா இரிங்க. உள்ளுக்க இருந்தா வெளிய தெரியவா போகுது?"

இந்த டயர் கொஞ்சம் உயரம், மீற்றர் காட்டுவதைவிடக் கார் சற்றுக் கூடவே ஓடும், பார்த்து ஓட்டு என்றான் குணம். அலுமினிய றிம்களை அக்கரைப்பற்றில் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். தேத்தண்ணிக் கடையில், "என்ன மீராசா, காருக்குக் கொக்குக் கால் முளைச்சிருக்கு?" என்று கேட்டவர்களுக்கு, "ஓம், வயலுக்குள்ளயும் இறக்கலாம்" என்று பதில் சொன்னான்.

அந்தச் சில்லுகளில் அவர்கள் நாலைந்து வருடம் மட்டக்களப்புக்குப் போய் வந்தார்கள். ஜெமீலாவின் இடுப்பு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. இனி வரத் தேவையில்லை என்று டொக்டர் சொன்ன பிறகும், வீதிகள் கெட்டுப்போகும் வரை வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கார் ஓடியது. ஆனால் ஜெமீலா பிற்காலத்தில் ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்தது அந்தச் சில்லுகளில் போன முதல் பயணத்தைத்தான்.

அன்று ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து ளுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்டார்கள். கல்லடிப் பாலம் கடந்து ஆரையம்பதியை அண்டியபோது அவள் பேச்சு குறைந்தது. களுவாஞ்சிகுடியில் மீராசாஹிபு ஏதோ கேட்டான், பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். தலை ஆசனத்தில் சாய்ந்திருக்க, வாய் சற்றே திறந்திருக்க, ஜெமீலா நித்திரை. சுவர் விழுந்த நாளிலிருந்து நோவு எழுப்பாமல் அவள் தூங்கியதை அவன் கண்டதில்லை.

மருதமுனை போனது. கல்முனை போனது. சாய்ந்தமருதில் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை வந்தது. நிறுத்தினால் எழும்பிவிடுவாளே என்று தோன்றியது. அவன் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் அப்படியே நேரே போனான். காரைதீவில் கராஜ் வாசலில் நின்ற குணம் கையைக் காட்டினான். மீராசாஹிபு வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனான். நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாம் பின்னால் போயின. இருபுறமும் கதிர் முற்றிய வயல். திருக்கோவிலில் ஒரு மாட்டுக் கூட்டம் குறுக்கே வந்து அவனை நிறுத்தியது.

ஜெமீலா கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தாள்.

"வீடு எங்க?"

"பின்னால போயித்து."

"இது எந்த ஊரு?"

"திருக்கோவில்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டு, "இவ்வளவு தூரம் வந்தாச்சு. மாமியையும் பார்த்துட்டுப் போவம்" என்றாள்.

அஸர் தொழுகை நேரத்துக்குப் பிறகு பொத்துவிலில் கார் நின்றது. அவனுடைய தாய் சல்மா உம்மா ஈரக்கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்ததில் அவளுக்குப் பதற்றம்.

"என்ன மனே, என்ன நடந்த? ஆருக்கு என்ன?"

ஜெமீலா கதவைத் திறந்து, யாருடைய கையையும் பிடிக்காமல் இறங்கினாள்.

"ஒண்டுமில்ல மாமி. நான் நித்திரையாப் போயித்தன்."