ஜன்னலோர பெஞ்சில் ஈரத்துண்டு

நீங்க சிரிப்பீங்கன்னு எனக்குத் தெரியும். சிரிச்சுக்கோங்க, ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க. பேய், காத்து, கருப்புன்னு யாராவது பேச்செடுத்தா எந்திரிச்சுப் போற ஆளு நான். தாவரவியல் படிச்சவ, கண்ணால பாக்காததை நம்ப மாட்டேன். எங்க சுரண்டையில ஒரு புளியமரத்துக்குக் கீழ நடக்கவே ஊரு பயந்தப்ப, அதுல ஏறிப் பழம் உலுக்குனவ. அப்பேர்ப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது, அதுவும் பட்டப்பகல்ல, ஆளும் பேருமா நிறைஞ்சு கிடந்த லைப்ரரியில.

குற்றால மலைத் தோட்டத்து மங்குஸ்தான் மரத்தைப் பத்தி நான் பி.எச்.டி. பண்ணிக்கிட்டிருந்தேன். வீட்டுல உக்காந்து எழுதலாம்னா ஒரு பக்கம் மாமியாரோட சீரியல், ஒரு பக்கம் பிள்ளைங்க சண்டை, நடுவுல கடையிலேர்ந்து வீட்டுக்காரர் போன் பண்ணி குழம்பு என்னன்னு கேப்பாரு. அதனால தென்காசியில இருக்குத யுனிவர்சிட்டி கிளை லைப்ரரிதான் எனக்குக் கதி. அங்க ஆராய்ச்சிப் பிள்ளைங்களுக்கு உதவி பண்ணவே ஒரு மேடம் இருக்காங்க. செங்கோட்டைக்காரங்க, பாதி மலையாளம் பேசுவாங்க. எந்தக் கட்டுரை எந்த ஊரு லைப்ரரியில இருந்தாலும் தேடி வாங்கித் தந்துருவாங்க. என் கைடைவிட அவங்ககிட்ட நான் கத்துக்கிட்டது அதிகம், இதை என் கைடுகிட்ட சொல்லிராதீங்க.

ஏற்கெனவே அவகாசம் மேல அவகாசம் வாங்கியாச்சு. ஆவணி பொறக்கதுக்குள்ள தீசிஸ் கொடுக்கலைன்னா பதிவே ரத்துன்னுட்டாங்க. கடைசி அத்தியாயம் பாக்கி. அதுக்கு வேண்டிய பழைய கட்டுரை ஒண்ணை மேடம் எங்கயோ வெளியூர்ல பிடிச்சு வச்சிருந்தாங்க. ஆனா அது லைப்ரரி நெட்டுல மட்டும்தான் திறக்கும், அதுவும் அந்த ஒரு நாள்தான். அடிச்சுப் பிடிச்சு பஸ் ஏறிப் போனா, படிக்கிற ஹால்ல எள்ளு போட்டா எள்ளு விழாது.

குற்றால சீசன் நேரம் பாருங்க. காலையில அருவியில ஒரு குளியலைப் போட்டுட்டு நேரா இங்க வந்துருவானுக, அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பயலுக எல்லாம். சீட் புக் பண்ண கம்ப்யூட்டர்லாம் வச்சிருக்காங்க, யாரு தொட்டா? பஸ்ஸுக்கு ஜன்னல் வழியாத் துண்டு போடுவோமில்லா, அதே மாதிரி இங்கயும் நாற்காலிக்கு நாற்காலி துண்டு. ஈரத்துண்டு கூடாதுன்னு மேடம் போர்டு எழுதி வச்சா, அந்தப் போர்டு மேலயே காயப் போட்டிருந்தானுக.

என் லாப்டாப்போ பேட்டரி செத்தது, வயர் சொருகுனாத்தான் உயிர் வரும். பிளக் பாயின்ட் காலியா இருந்த இடம் ஒண்ணே ஒண்ணு, ஜன்னலோரம் ரெண்டு பேர் உக்காருத பழைய பெஞ்ச். அதுல நடுவாக்குல ஒரு ஈரத்துண்டு விரிச்சுக் கிடந்தது. அந்தத் துண்டை வருஷக்கணக்காப் பாக்குதேன், ஆளைப் பாத்ததில்ல. யாரோ டீ குடிக்கப் போயிருக்காங்கன்னே எல்லாரும் நினைச்சிக்கிடுவோம். போட்ட துண்டை எடுக்கக் கூடாதுல்லா, அடிதடி ஆகிப் போகும்.

மேடத்துக்கிட்ட போயி அழாத குறையாக் கேட்டேன். அவங்க முகம் ஒரு மாதிரி ஆச்சு. அதை அவங்க எடுத்துக் காயப்போட்டா மறுநாள் திரும்ப அங்கனயே ஈரமாக் கிடக்குமாம், அலுத்துப்போயி விட்டுட்டாங்களாம். அப்புறம் மெதுவாச் சொன்னாங்க, "எடுக்காண்டாம் மோளே. கேட்டுட்டு இரி." எடுக்க வேண்டாம், கேட்டுட்டு உக்காருன்னுதாங்க.

யாருகிட்ட கேக்க? எனக்குன்னா எரிச்சல், மணி வேற ஓடுது. பஸ்ல கேக்க மாதிரியே காலி பெஞ்சைப் பாத்துக் கேட்டேன். "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்."

எதுத்தாப்ல இருந்த பிள்ளை வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. நான் குனிஞ்சு சார்ஜரைச் சொருகிட்டு நிமிர்ந்தேன். நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க, துண்டு ஜன்னல் பக்கமா நகந்து, பாதியா மடிஞ்சு கிடக்கு. எனக்கு இடம் விட்டிருக்கு. எதுத்த பிள்ளை சிரிப்பு அப்படியே நின்னு போச்சு.

பயம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த அத்தியாயத்தை விட்டா எனக்கு வாழ்வில்ல, உக்காந்துட்டேன். பக்கத்துலேர்ந்து எண்ணெய்க் குளியல் வாசமும் அருவித் தண்ணி வாசமும் வந்துக்கிட்டே இருந்தது. மத்தியானம் கண்ணு சொக்குனப்ப புறங்கையில சில்லுன்னு ஒரு சொட்டு விழுந்தது. மேல பாத்தா ஓட்டை ஒழுகல் ஒண்ணும் கிடையாது. திரும்பத் தூக்கம் வந்தா திரும்ப ஒரு சொட்டு. சரிதான், நம்மளைத் தூங்க விட மாட்டாங்கன்னு எனக்குச் சிரிப்பே வந்துட்டு. சாயங்காலம் மேடம் விளக்கணைக்க வரும்போது கடைசி வரியை எழுதிட்டேன். அவ்வளவு சந்தோஷமா நான் எழுதுனதே இல்ல. "வாரேன் அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டுக் கிளம்புனேன்.

தீசிஸும் கொடுத்தாச்சு, வாய்மொழித் தேர்வும் வந்துட்டு. முந்துன நாள் சாயங்காலம் நன்றிக்கு ஒரு புதுத் துண்டை அந்த பெஞ்ச்ல வச்சேன். பச்சைக்கரைத் துண்டு, ஓரத்துல என் மக ஊதா நூல்ல ஒரு மங்குஸ்தான் தைச்சிருந்தா, பாத்தா கத்திரிக்கா மாதிரிதான் இருக்கும். என் கண்ணு முன்னாலதான் மேடம் கதவைப் பூட்டுனாங்க.

மறுநாள் திருநெல்வேலியில தேர்வு நல்லபடியா முடிஞ்சு, பாஸ்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்குச் சொல்லலாம்னா போன்ல சார்ஜ் இல்ல. மேடத்துக்குத்தான் முதல்ல சொல்லணும்னு தென்காசிக்கு ஓடி வந்தா, லைப்ரரிக்கு வார லீவு, பூட்டிக் கிடக்கு. சந்தோஷத்துல அதையே மறந்துருக்கேன் பாருங்க.

சரின்னு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா, முகூர்த்த நாளு, சுரண்டை பஸ்ல கால் வைக்க இடமில்ல. ஜன்னலோரம் ஒரு சீட் மட்டும் காலி, அதுல ஒரு துண்டு. பச்சைக்கரை, ஓரத்துல கத்திரிக்கா. தொட்டா சொட்டச் சொட்ட ஈரம். அது பங்குனி வெயிலுங்க, குற்றாலத்துல வெறும் பாறைதான், ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது.

பக்கத்து சீட்டுல இருந்த அக்காகிட்ட யாரு போட்டதுன்னு கேட்டேன். ஜன்னல் வழியா ஒருத்தர் போட்டுட்டுப் போனாராம், முகத்தைச் சரியாப் பாக்கலையாம், தலையெல்லாம் நனைஞ்சிருந்ததாம்.

"டாக்டரம்மா வருவாக, அவுகளுக்குத்தான் சீட்டுன்னு சொன்னாரு. நீங்கதானா அது?" அப்படின்னு கேட்டா அந்த அக்கா.

ஆமான்னு சொல்லி உக்காந்து, சுரண்டை வாரவரைக்கும் சிரிப்பும் அழுகையுமா வந்தேன். என்னை டாக்டர்னு முதல்முதலாக் கூப்பிட்டது யாருன்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்களா இருக்கவும் வழியில்ல, அந்த நேரம் நான் பாஸானது எங்க வீட்டுக்காரருக்கே தெரியாதுங்க.