அடுத்த தெருவின் பிரபஞ்சம் சின்னது

இன்று கொல்கத்தா பெஹாலாவில் துர்கா பூஜைப் பந்தல் பார்க்கப் போனேன். இந்த வருடத் தீம், பிரபஞ்சம்.

உள்ளே நுழையும் வரிசை மெயின் ரோடு வரை நின்றது. விஐபி பாஸ் வைத்திருப்பவர்களுக்குப் பிரபஞ்சத்தில் தனி வழி.

உள்ளே ஒரே இருட்டு. தலைக்கு மேலே கண்ணுக்கெட்டிய வரை குட்டி விளக்குகள். 'இந்த விரிவில் மனிதன் ஒரு தூசி' என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் வங்காளத்தில் சொன்னது.  காலையில் தண்ணீர் மோட்டாருக்காக எல்லோரும் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் மாடிவீட்டு அம்மாவோடு போட்ட சண்டைகூட எனக்கு நிஜமாகவே அற்பமாகத் தெரிந்தது.

அதற்குள் வாலண்டியர் விசில் ஊதி எங்களை வெளியே தள்ளிவிட்டார்.

வாசலில் கமிட்டி பேட்ஜ் குத்திய ஒரு பெரியவர் மறித்தார்.

"தீதி, அடுத்த தெருவுலயும் இதே தீம்தான். பார்த்தாச்சா?"

"இனிமேதான் போகணும்."

"வேண்டாம். அவங்க பிரபஞ்சம் ரொம்பச் சின்னது. அஞ்சே நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"மனுஷன் தூசின்னு உள்ள சொன்னாங்களே?"

"எங்க தலைவர் எழுதினது," என்று பெருமையாக மேலே கைகாட்டினார். நுழைவு வளைவில் சனிக் கிரகத்தைவிடப் பெரிதாகத் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரித்துக்கொண்டே வீடு திரும்பினேன். குழாயில் தண்ணீர் இல்லை. பௌதி மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியோடு பந்தல் பார்க்கப் போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். அதுவும் அந்தச் சின்னப் பிரபஞ்சத்துக்கு.

ஒரு தூசிக்கு இவ்வளவு திமிர் ஆகுமா, நீங்களே சொல்லுங்கள்.