பார்க்கிலேயே நின்றுவிட்ட ஜீப்

இன்று தம்புள்ளைச் சோதனைச்சாவடியில் மச்சானின் புதிய சொகுசு ஜீப் எங்களைக் கைவிட்டது. சோதனை முடிந்து எஞ்சினும் ஓடியது. ஆட்டோ கியர் மட்டும், வண்டியை நிறுத்திப் பூட்டும் ‘பார்க்’கை விட்டு அசையவில்லை.

“வண்டிய எடுங்க!” என்று சிப்பாய் சிங்களத்தில் அதட்டினார்.

மச்சான் பிரேக்கை மிதித்து மிதித்துக் கியரை இழுத்தார். “அத்தான், வேணும்னே நிப்பாட்டுறோம்னு புடிச்சு வச்சுருவாங்க!”

பின்னால் நின்ற பஸ்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவை வெளியிலிருந்து தள்ளினால் திறக்குமா?

சிப்பாய் பின்பக்கம் போய்ப் பார்த்தார். “பிரேக் லைட்டும் எரியல!”

எனக்கு விடை கிடைத்துவிட்டது. மகளின் காரிலும் இதே கோளாறு வந்தது. பிரேக்கை மிதிப்பது வண்டிக்குத் தெரிந்தால்தான் கியர் நகரும். லைட் ஃபியூஸ் போனால் அது தெரியாது.

“கியர் பக்கத்துல சின்ன மூடி இருக்கும். கழட்டிட்டு, உள்ள இருக்குற பொத்தானைச் சாவியால அழுத்துங்க.”

கியர் நகர்ந்தது. சிப்பாயே சிரித்துவிட்டார்.

“சாவடியைத் தாண்டியாச்சு. இனி நான் ஓட்டட்டுமா?” என்றேன்.

“ஃபியூஸ் மாத்துனப்புறம் பாப்போம், அத்தான்.”

ஃபியூஸ் மாற்றி, என்னை வீட்டில் இறக்கிவிட்டு மூன்று மணி நேரமாகிறது. மச்சான் போனை எடுக்கவில்லை. உங்கள் மச்சான்மாரும் இப்படித்தானா?