ஆனையூரில் இறங்கிய இருக்கை

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நான் உயரமான ஆள். மதுரை ஆனையூர் டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் குட்டையாகிவிடுவேன். கொஞ்ச நாட்களாக இப்படித்தான் நடந்தது. கடை பெஞ்சில் இருந்த ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னண்ணே, தெருமுனைல பாத்தப்ப ஒசரமா இருந்தீக, இங்கன வந்து சேரும்போது மொழங்காலு காதைத் தொடுது?" என்று கேட்டார். கடையே சிரித்தது. நம் மலேசியாவில், ஈப்போவில் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். பார்த்திருப்பார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு தே தாரிக் டீயைக் குடித்து முடித்துப் போயிருப்பார்கள். அந்த நாசூக்கில் வளர்ந்தவன் நான். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

குற்றம் என் சைக்கிளின் இருக்கைத் தண்டில் இருந்தது. இந்தக் கடிதத்தைப் படிக்கும் ஈப்போ நண்பர்களே, உங்களுக்கு என் மின்சார மலை சைக்கிளைத் தெரியும். இங்கே குடிவந்தபோது வீட்டுச் சாமான்களோடு கப்பலில் வந்தது. அதில் டிராப்பர் என்று ஒரு வசதி. கைப்பிடியில் உள்ள பொத்தானை அமுக்கி உடம்பின் பாரத்தைக் கொடுத்தால் இருக்கை கீழே இறங்கும், பாரத்தை எடுத்துவிட்டு அமுக்கினால் மேலே எழும்பும். மலையில் இறங்குகிறவர்களுக்காகச் செய்தது. எனக்கோ சமதரையிலேயே அது தேவை. என் இடது இடுப்பு மூட்டு இப்போது உலோகம். மருத்துவர் போட்ட கட்டளை இரண்டு: கீழே விழக்கூடாது, இடுப்பை ரொம்ப மடக்கக்கூடாது. தாழ்ந்த இருக்கையில் மிதித்தால் இடுப்பு மடங்கும். உயர்ந்த இருக்கையில் இருந்துகொண்டு நிறுத்தினால் கால் தரைக்கு எட்டாது, விழுவேன். இரண்டுக்கும் நடுவே என்னைக் காப்பாற்றி வந்தது அந்தத் தண்டுதான். அதன் உள்ளே காற்றும் எண்ணெயும் அடைத்த உருளையில் கசிவு வந்து, தண்டைச் சுற்றி எண்ணெய் பிசுபிசுத்தது. பொத்தானைத் தொடாமலே இருக்கை மெல்ல மெல்ல அமுங்கியது.

"வீட்லயே இருங்களேன். இம்புட்டு வெயில்ல சைக்கிள் இல்லாட்டி என்ன குடிமுழுகிரும்?" என்றாள் செல்வராணி, என் மனைவி. அவள் மதுரைக்காரி. கல்யாணமான நாள்முதல் ஈப்போவில் டீச்சராக என்னோடு இருந்துவிட்டு, ஓய்வுபெற்றதும், "இம்புட்டு நாள் நான் உங்க ஊர்ல இருந்தேன்ல, இனி நீங்க எங்க ஊர்ல இருங்க" என்று அழைத்து வந்துவிட்டாள். நியாயமான பேச்சு, மறுக்க முடியவில்லை. ஆனால் இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்தச் சைக்கிள் ஒன்றுதான். சர்ச் சபையில் நான் செல்வராணி டீச்சர் வீட்டுக்காரர், தெருவில் மலேசியா மாப்பிள்ளை. சைக்கிளில் ஏறினால் மட்டும் நான் நானாக இருந்தேன். அது போய்விட்டால் தின்பண்டத்துக்குக் காத்திருக்கும் வீட்டோடு மாப்பிள்ளையாக மிச்ச காலத்தைக் கழிக்க வேண்டியதுதான் என்று பயந்தேன்.

டீக்கடையில் சிரித்தவர்களில் பாண்டியும் ஒருவர். அலுவலகச் சுழல் நாற்காலிகளைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் சைக்கிளில் கிளம்பும் ஒரு கூட்டத்துக்கு அவர்தான் வாய். தண்டில் விரலை வைத்துத் தடவி, மோந்து பார்த்தார்.

"இது நம்ம சேரு மாதிரிதாண்ணே. கேஸ் போயிருச்சு, அம்புட்டுதான். கழட்டிருவமா?"

"ஐயோ, திறக்கக்கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கும். முழு உருளையையும் மாற்ற வேண்டும். என் தம்பி ஈப்போவிலிருந்து அனுப்புவான்."

"அனுப்பட்டும். வார ஞாயித்துக்கெழமை டி. கல்லுப்பட்டி போறோம். நீங்களும் வாரீகள்ல?"

உருளை அதற்குள் வராது என்றேன். அவர் காதில் வாங்கவே இல்லை. பழைய டியூப்பை வெட்டித் தண்டில் சுற்றி, அதன்மேல் பைப்பை இறுக்கும் கிளிப் ஒன்றைப் போட்டார். இருக்கை உயரத்திலேயே நின்றுவிட்டது. இனி அமுங்காது, சரி. இறங்கவும் செய்யாதே! நிறுத்தும்போது கால் எட்டாது, விழுந்தால் மூட்டு போய்விடும் என்று இடுப்பைத் தட்டிக் காட்டி விளக்கினேன். பாண்டி என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"எறங்கணும்னா நாங்க பிடிக்க மாட்டமா? அதுக்கு ஒரு மெசினாண்ணே?"

எனக்கு ஈப்போவில் ஒருமுறை விழுந்த ஞாபகம் வந்தது. சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில், மழை ஈரத்தில் சறுக்கிவிட்டேன். ஒரு கார் நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது. "ஓகே கா?", ஒன்றும் ஆகவில்லையே என்றார் உள்ளே இருந்தவர். "தாக் அப்பா", பரவாயில்லை என்று கட்டை விரலை உயர்த்தினேன். கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது. அதில் குறை ஒன்றும் இல்லை. என் வலியை என்னிடமே மரியாதையாக விட்டுவிட்டுப் போனார். டிராப்பர் அந்த மரியாதைக்குப் பொருத்தமான கருவி. யார் தயவும் இல்லாமல் ஏறலாம், இறங்கலாம்.

ஞாயிறு விடியற்காலையில் செல்வராணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வழியனுப்பினாள். மதில் ஓரத் திட்டின்மேல் நின்று ஏறினேன். திருப்பரங்குன்றத்தில் காப்பிக்கு நின்றபோது பாண்டி முன்னால் ஓடிப்போய் தன் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, வலப்பக்கம் வந்து தோளைச் சாய்த்து நின்றார். அந்தத் தோளில் கையை ஊன்றி இறங்கினேன். கூச்சமாக இருந்தது. மற்றவர்கள் யாரும் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வடையில் உப்பு குறைவு என்பதுதான் அவர்களுக்குப் பெரிய பேச்சு.

திருமங்கலத்தைத் தாண்டும்போதுதான் அது நடந்தது. பாண்டி பின்தங்கிவிட்டார், மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். முன்னே போன பேருந்து ஆளை ஏற்றச் சட்டென்று நின்றது. பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் நின்றது. கால் தரையைத் தேடிக் காற்றில் துழாவியது. மோட்டாரும் பேட்டரியுமாகக் கனத்த வண்டி என்னோடு சேர்ந்து இடப்பக்கம், அந்த உலோக மூட்டின் பக்கம் சாய்ந்தது. முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

விழவில்லை. கண்ணைத் திறந்தால், சாலையோரம் நின்ற ஒரு மனிதர் என் கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, இடுப்பால் வண்டியைத் தாங்கிக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் போன். "ஆமா, நீ சோத்த வடிச்சு வையி, நான் கொழம்பு வாங்கிட்டு வாரேன்" என்று பேச்சை விடாமல் தொடர்ந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பேருந்து நகர்ந்ததும், கோழியை விரட்டுவது போல் என்னை முன்னால் தள்ளிவிட்டார்.

"ரொம்ப நன்றிங்க!" என்றேன்.

"என்னத்துக்கு?" என்றார். உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. திரும்பி மறுபடி குழம்புப் பேச்சுக்குப் போய்விட்டார்.

பாண்டி வந்து சேர்ந்துகொண்டார், டி. கல்லுப்பட்டியை நோக்கிப் போனோம். இரு பக்கமும் கரிசல் மண்ணில் பருத்தி நின்றது. வெயில் ஏறியது. இப்படியும் ஒரு ஊரா என்று எனக்குள் கேட்டுக்கொண்டே மிதித்தேன். தெருவில் கொட்டுகிற குப்பைக்கும் காதைப் பிளக்கிற ஹாரனுக்கும் இவர்களை எத்தனையோ முறை உங்களிடம் திட்டி எழுதியிருக்கிறேன். அதையெல்லாம் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் முன்பின் தெரியாதவனின் பாரத்தைப் போன் பேச்சுக்கு நடுவே தாங்கிவிட்டு, அதை ஒரு உதவி என்றுகூட நினைக்காத மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

சில வாரங்களில் உருளை வந்து சேர்ந்தது. பாண்டியும் நானும் அவர் கடையில் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து மாற்றினோம். கிளிப்பைக் கழற்றினோம். எண்ணெய்க் கசிவு இல்லை. பொத்தான் சொன்னபடி இருக்கை கேட்டது. அடுத்த ஞாயிறு திருப்பரங்குன்றத்தில் நிறுத்தும்போது பொத்தானை அமுக்கினேன். இருக்கை இறங்கியது, வலது கால் சுகமாகத் தரையில் ஊன்றியது. யார் துணையும் இல்லாமல் நின்றேன். பழைய ஈப்போக்காரன் எனக்குள் நிமிர்ந்தான்.

நிமிர்ந்து பார்த்தால், வலப்பக்கம் பாண்டி தோளைச் சாய்த்தபடி வந்து நிற்கிறார். என் காலைப் பார்த்தார். தோளை நிமிர்த்திக்கொண்டார்.

"அட, மெசினு சரியாப் போச்சுல்ல. இனி நான் வேண்டியதில்ல" என்று சிரித்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை.

நான் எட்டி அவர் தோளைப் பிடித்தேன். அதில் கையை ஊன்றி உடம்பைக் கொஞ்சம் தூக்கி, பொத்தானை மறுபடி அமுக்கினேன். தம்பி அனுப்பிய உருளை இருக்கையை முழு உயரத்துக்குக் கொண்டுவந்தது. என் கால் தரையை விட்டு எழும்பியது. உயரத்தில் உட்கார்ந்து, என் பாரம் முழுவதையும் அந்த மனிதர் மேல் சாய்த்தேன்.

"என்னண்ணே இது, கனக்குது. எறங்குங்க, காப்பி ஆறுது" என்றார் பாண்டி. தோளை மட்டும் எடுக்கவில்லை.