திரைக்கு அந்தப் பக்கம் கேட்ட சிரிப்பு

என் கணவர் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம், சேற்றில் புதைந்த சக்கரத்தைத் தள்ளப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்ததும் அவருக்குத் தைலம் தேய்ப்பேன், ஒத்தடம் கொடுப்பேன். அசையவே கூடாது என்று பாயில் படுக்கவைத்திருந்தேன். வலி குறையவில்லை.

"நீ தேய்க்கிறது எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்பார்.

தோட்டத்து டாக்டர் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே வலிக்குப் பயிற்சியும் மசாஜும் கொடுக்கிற பிரிவில் ஒரு மிஸ் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட இளையவர். என் கணவரை உள்ளே அழைத்துத் திரையை இழுத்து மூடினார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே என் கணவர் சிரிப்பது கேட்டது. வீட்டில் அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது, "மிஸ்ஸுக்கு நல்ல கை" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த முறை நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனேன். திரைக்கு வெளியே நின்று கேட்டேன்: "மிஸ், நானும் உள்ள வரலாங்களா?"

"வாங்கோ அக்கா. நீங்கள் பாத்துப் பழகினால் நல்லம்."

மிஸ் விலாப்பக்கம் கை வைத்ததுமே என் கணவர் நெளிந்து சிரித்தார்.

"அண்ணாவுக்குச் சரியான கூச்சம். உங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியுங்க" என்று பொய் சொன்னேன்.

உள்ளங்கையால் மெதுவாக அழுத்திக்கொண்டே மிஸ் பேசினார். "நான் அழுத்திவிடுறது கொஞ்ச நேரத்துக்குத்தான் சுகம் தரும். வலி மாறவேணுமெண்டால் இவர் நடக்கவேணும், பயிற்சி செய்யவேணும். படுத்தே கிடந்தால் இன்னும் இறுகிப்போகும். ஆர் இவரைப் படுக்கச் சொன்னது?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஆசையாகப் பார்த்துக்கொண்டதே பிழை என்று ஆகிவிட்டது. அதையும் இந்தப் பெண் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது.

வீட்டில் பயிற்சி செய்யுங்கள் என்று நான் சொன்னால் அவருக்குக் காது கேட்காது. "ஏங்க, மிஸ் செய்யச் சொன்னாங்கல்ல" என்றால் உடனே எழுந்து முழங்காலை மடக்குவார். எரிச்சலோடு தினமும் அதையே சொன்னேன். மாலையில் எங்கள் லயத்து வீட்டிலிருந்து பாலம்வரை நடத்திக் கூட்டிப்போனேன். மழை விட்ட காலத்தில் மறுபடியும் லொறியில் ஏறினார்.

பிறகு மிஸ்ஸுக்கு மாற்றல் வந்தது. "நல்ல புள்ள, போயிருச்சு" என்று அவர் வருத்தப்பட்டார். நான் அன்று கோழிக்கறி சமைத்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகும் குளிர் மாதங்களில் அந்த வலி வந்து போகும். மிஸ் செய்தது போலவே உள்ளங்கையால் மெதுவாக அழுத்துவேன்.

"மிஸ் இன்னும் கொஞ்சம் மேல அழுத்துவாங்க" என்பார்.

நான் கையை நகர்த்த மாட்டேன்.